திரும்பி வரும் சமாரியர்



நல்ல சமாரியர் உவமையை நாம் அனைவரும் அறிவோம். அடிபட்டவரின் காயங்களில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்தார். தம் விலங்கின்மீது ஏற்றிச் சாவடிக்குக் கொண்டுபோனார். நம் சிந்தனை பெரும்பாலும் இத்துடன் நின்றுவிடுகிறது. லூக்கா நற்செய்தியாளரோ இன்னும் ஒன்று சொல்கிறார். மறுநாள் சாவடிப் பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்த சமாரியர், கூடுதலாகச் செலவானால் திரும்பி வரும்போது தருவதாக வாக்களித்துப் போகிறார். அந்தத் திரும்பி வருதலைப் பற்றியே இன்று சிந்திப்போம்.

அமில வீச்சுக்கு ஆளானவர்களுக்கு மிகவும் தேவைப்படுவது அதுதான். அமிலக் காயம் ஒரே சிகிச்சையில் தீர்வதில்லை. ஆறிய பின்னும் தழும்பு இறுகி, கழுத்தையும் உதட்டையும் கண்ணிமையையும் இழுக்கும். இமை மூடாவிட்டால் பார்வையே போகலாம். ஆகவே அறுவை சிகிச்சைகள் ஆண்டுக்கணக்கில் தொடரும். 2012-இல் காரைக்காலில் இளம் பொறியாளர் ஒருவர்மீது அமிலம் வீசப்பட்டபோது தமிழகமே கலங்கியது. ஏறத்தாழ மூன்று மாதம் போராடி, 2013 பிப்ரவரியில் அவர் சென்னையில் உயிர் துறந்தார். உயிர் பிழைப்பவர்களையோ செய்தித்தாள்கள் விரைவில் மறந்துவிடுகின்றன. நாமும் மறந்துவிடுகிறோம்.

சட்டம் துணை நிற்கிறது. குறைந்தது 3 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. தனியார் மருத்துவமனைகளும் இலவசமாகச் சிகிச்சை தரவேண்டும் என்று 2015-இல் வலியுறுத்தியது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவர்களையும் உள்ளடக்கியது. ஆனால் மனு எழுதவும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அலையவும், மருத்துவமனை வராந்தாவில் உடன் காத்திருக்கவும் ஆள் வேண்டுமே! அந்த ஆளைச் சட்டம் தராது. நம் அன்பியங்களும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் தரலாம். ஒருமுறை 6,000 ரூபாய் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு விடைபெறுவதைவிட, மாதம் 500 ரூபாயோடு ஓராண்டு அந்த வீட்டுக்குப் போய் வருவது மேலானது.

பணத்தைவிட அரிய உதவி ஒன்றும் உண்டு. எசாயா இறைவாக்கினர் காட்டும் துன்புறும் ஊழியரைக் கண்டவர்கள் தங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பேருந்திலும் கடைத்தெருவிலும், ஏன், கோவிலிலும்கூட இன்றும் அதுவே நடக்கிறது. ஆக்ராவில் 2014-இல் தொடங்கப்பட்ட ‘ஷீரோஸ்’ என்னும் சிற்றுண்டியகத்தில், அமில வீச்சிலிருந்து மீண்ட பெண்கள் முகத்தை மூடாமல் நின்று விருந்தினரை உபசரிக்கிறார்கள். அவர்கள் கேட்பது இரக்கப் பார்வையை அல்ல, வேலையை, மதிப்பை. கடையோ பள்ளியோ அலுவலகமோ நடத்தும் நாம், தகுதியோடு வரும் ஒருவரை முகத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பாதிருப்போம். திருப்பலியில் சமாதானம் பகிரும்போது அவர்களின் கண்களை நேராகப் பார்த்துக் கைகூப்புவோம்.

அன்பின் ஆண்டவரே, ஒருநாள் உதவியோடு நின்றுவிடாமல், மறுபடியும் திரும்பி வரும் இதயத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.