அளவறிந்து பிடித்தல்

(தேகாப்பியாச வகுப்பு இளைஞர் முன்னிலையில் ஆற்றிய உரை)



ஓடுகின்றவன் எவ்வளவு தூரம் ஓடினான் என்பதை மைற்கல் சொல்லும். பாரந் தூக்குகின்றவன் எவ்வளவு தூக்கினான் என்பதை இரும்பிற் பொறித்த எண் சொல்லும். அசையாத பொருளொன்றை இறுகப் பிடித்து நிற்கின்றவன் எவ்வளவு பலத்தைச் செலவிட்டான் என்பதை யார் சொல்வார்? அருகில் நிற்பவனுக்கும் தெரியாது, அவனுக்கே தெரியாது. இக்குறையைத் தீர்க்கும்பொருட்டுக் கைப்பிடிக் கருவிகளில் உணரிகளைப் பொருத்தும் முறையைப் பற்றியே இன்று சில கூறக் கருதுகின்றோம்.

தசை தன் நீளத்தில் மாறாமலே விசை கொள்ளும்படி செய்யும் பயிற்சிக்கு ஐசோமெற்றிக் பயிற்சி என்று பெயர். சுவரைத் தள்ளுதலும், உள்ளங்கை இரண்டையும் ஒன்றோடொன்று அழுத்துதலும், கைப்பிடியை இறுக்கி அப்படியே நிறுத்துதலும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. 1953ஆம் ஆண்டிலே ஜேர்மனியின் டோர்ட்முண்ட் நகரில் ஆராய்ச்சி செய்த ஹெற்றிங்கர், முல்லர் என்னும் இருவர், ஒருவன் தன் முழுப்பலத்தில் மூன்றில் இரண்டு பங்கினை நாளொன்றுக்கு ஒருமுறை, 6 செக்கன் மாத்திரம் பிரயோகித்தாற் போதும், வாரந்தோறும் ஏறக்குறைய 5 சதவீதம் பலம் பெருகும் என்று வெளியிட்டனர். பின்வந்த சோதனைகள் வளர்ச்சி அவ்வளவு விரைவானதன்று எனக் காட்டின. ஆயினும் அவர்கள் கூற்றிலே ஒரு வினா மறைந்து கிடந்தது. மூன்றில் இரண்டு பங்கு என்கின்றோமே, அதனை வீட்டிலே தனித்து நிற்கும் ஒருவன் எவ்வாறு அறிவான்?

1960களில் அந்நாட்டிலேயே தோன்றிய புல்வேர்க்கர் என்னும் கருவி இவ்வினாவுக்கு ஒருவாறு விடை கூறிற்று. உருளைக்குள்ளே சுருள்வில்லை அமைத்து, அது எவ்வளவு அமிழ்ந்தது என்பதைக் காட்டும் அளவுகோலையும் வைத்தனர். ஆகவே, அளவு காட்டும் எண்ணம் நேற்றுப் பிறந்ததன்று. இன்றைய உணரி அந்த அளவுகோலின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம்.

அளவின் அருமையை நன்கு விளக்கியது வைத்திய ஆராய்ச்சியே. 1992ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் வைலி என்பவரும் அவர் குழுவினரும், முழுப்பலத்தில் 30 சதவீத அளவிலே கைப்பிடியை 2 நிமிடம் இறுக்கி, இடையிடையே ஓய்ந்து, 4 முறை செய்யும் பயிற்சியை வாரம் மூன்று நாள் செய்வித்துப் பார்த்தனர். எட்டு வாரத்தில் இரத்த அமுக்கம் தணிந்தது. 2017ஆம் ஆண்டு அமெரிக்க இருதய வைத்திய வழிகாட்டியிலும் 30 முதல் 40 சதவீதம் என்னும் அளவோடு இப்பயிற்சி இடம்பெற்றது. 2023ஆம் ஆண்டிலே பிரித்தானிய ஆராய்ச்சியாளர் 270 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, ஐசோமெற்றிக் பயிற்சியினால் மேல் அமுக்கம் சராசரி 8 மில்லிமீற்றர் இரசமும் கீழ் அமுக்கம் 4 மில்லிமீற்றர் இரசமும் குறைந்தமை காணப்பட்டது. சுவரிற் சாய்ந்து அரைக்குந்தலில் நிற்றல் முதலியனவும் இக்கணக்கில் அடங்கும்.

இங்கே உற்று நோக்கவேண்டியது ஒன்று உண்டு. நன்மை தந்தது 30 சதவீதம்; நூறு சதவீதமன்று. ஒருவனுடைய கைப்பிடி 40 கிலோகிராம் என்று கொள்வோம். அவன் நிறுத்தவேண்டியது 12 கிலோகிராம் மாத்திரமே. அளவு தெரியாதவன் என்ன செய்வான்? பல்லைக் கடித்து, மூச்சை அடக்கி, முழுப்பலத்தையும் காட்டுவான். அப்பொழுது இரத்த அமுக்கம் சட்டென ஏறும். அமுக்கத்தைத் தணிக்க வந்த பயிற்சியே அமுக்கம் மிகுந்தவனுக்கு ஆபத்தாய் முடியலாம். மருந்தாயினும் அளவோடு உண்ணவேண்டும் என்பதை நம் பாட்டிமார் அறிந்திருந்தனர். பயிற்சிக்கும் அவ்விதியே பொருந்தும்.

இனி, உணரி தொழிற்படும் வகையைச் சுருக்கமாகக் கூறுவோம். 1938ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிலே சிமன்ஸ், ரூஜ் என்னும் இருவர் தனித்தனியே விகாரமானியைக் கண்டனர். மெல்லிய உலோக இழையை ஓர் உலோகத் துண்டின்மீது ஒட்டிவிட்டால், துண்டு வளையும்போது இழையும் நீளும். நீளவே அதன் மின்தடை மாறும். அம்மாற்றம் நூறில் ஒரு பங்குக்கும் குறைவானது. ஆதலால் பாடசாலை ஆய்வுகூடத்தில் நீங்கள் கண்ட உவீத்தன் பாலத்தில் இழைகளை இணைத்து, வரும் சிறு மின்னழுத்தத்தைப் பெருக்கி, எண்ணாக மாற்றுகின்றனர். அந்த எண் புளூரூத் வழியாகக் கைத்தொலைபேசிக்குச் செல்கின்றது. 2010இல் வெளிவந்த குறைந்த மின்செலவுடைய புளூரூத் முறையினால், சிறிய மின்கலமே நெடுநாள் போதுமானதாயிற்று.

எனினும் உணரியைப் பொருத்திவிட்டால் கருவி அறிவுடையதாகிவிடாது. செய்வோரும் வாங்குவோரும் கவனிக்கவேண்டியவை சில உள.

முதலாவது, எண் மெய்யாயிருத்தல் வேண்டும். வெயிலிற் சூடேறிய கருவி, தொடாமலே ஏதேனும் ஓர் எண்ணைக் காட்டக்கூடும். ஆகையால் ஒவ்வொரு முறையும் பூச்சியத்திலிருந்து தொடங்கவேண்டும். இரண்டு நிமிடம் ஒரே விசை தாங்கும்போது சில உணரிகளின் எண் மெல்ல நகர்ந்துவிடும். பிடித்தவன் தளராதிருக்கத் தளர்ந்தான் என்று கருவி சொல்லுமாயின், அவன் மேலும் இறுக்குவான். விலை மலிந்த அழுத்தப் படலங்களில் இக்குறை அதிகம். அவை தொட்டதை அறிய உதவும், நிறுத்து அளக்க உதவா. நிறை தெரிந்த படிக்கல்லொன்றைத் தொங்கவிட்டுச் சோதிக்க இடமிருப்பது நன்று.

இரண்டாவது, அளவுகோல் அவரவர்க்கு உரியதாதல் வேண்டும். வலக்கையின் பலம் வேறு. இடக்கையின் பலம் வேறு. சில வாரத்தில் பலம் கூடினால் 30 சதவீதமும் கூடும். ஆதலால் முழுப்பலத்தை அவ்வப்போது மீண்டும் அளந்து கணக்கிடும் கருவியே பயன்படும்.

மூன்றாவது, இதுவே நாம் வற்புறுத்த விரும்புவது. இறுக இறுகப் புள்ளி ஏறும்படி விளையாட்டாக அமைத்த கருவிகள் சில இக்காலத்தில் உண்டு. இளைஞனுக்கு அது உற்சாகந் தரலாம். ஐம்பது வயதைத் தாண்டிய அவன் தந்தையார் அதே கருவியைக் கையிலெடுத்து, மகனுடைய எண்ணை முறியடிக்கப் புகுந்தால் என்னாகும்? உயர்ந்த எண்ணுக்குப் பரிசளிக்கும் கருவி பயிற்சியின் நோக்கத்தையே தலைகீழாக்குகின்றது. குறித்த எல்லைக்குள் அசையாது நின்றவனையே கருவி மெச்சவேண்டும். எல்லை கடந்தவனுக்கு அதிர்ந்து எச்சரிக்கவேண்டும். மூச்சு விடும்படி நினைவூட்டவேண்டும்.

இன்னுமொன்று. தொலைபேசியிலுள்ள செயலி நின்றுபோனாலும் கருவி பயன்படவேண்டும். கருவியிலேயே ஒரு சிறு எண்பலகை இருக்குமாயின், விற்ற நிறுவனம் மூடப்பட்டாலும் வாங்கியவன் ஏமாற மாட்டான். அவன் உடலின் கணக்கும் அவனிடமே தங்கும்.

இளைஞர்களே, கருவி நமக்கு ஆசிரியனேயன்றி எசமானன் அல்லன். சில வாரம் எண்ணைப் பார்த்துப் பயின்றபின், ஒருநாள் எண்பலகையை மறைத்துவிட்டு 12 கிலோகிராம் பிடித்துப் பாருங்கள். பின்பு திறந்து பாருங்கள். இரண்டும் ஒத்து வந்தால் அளவு உங்கள் கைக்குள்ளே வந்துவிட்டது என்று அறியலாம். வீட்டில் இரத்த அமுக்கம் உடைய பெரியோர் இருப்பின், இதனைத் தொடங்குமுன் வைத்தியரைக் கேட்கச் சொல்லுங்கள். உண்ணும் மருந்தை இதனை நம்பி நிறுத்தவிட வேண்டாம். அவர் கையில் கருவியைக் கொடுக்கும்போது, எவ்வளவு முடியும் என்று கேளாதீர்கள். எவ்வளவு வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுங்கள்.