கூத்துக் களரியின் இசை



மரபிசை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு மேடையும் தம்புராவும் மார்கழிக் கச்சேரியுமே நினைவுக்கு வரும். அவை நம் செல்வம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த சிற்றூர்களில், உழவரும் கூலியாளரும் தலைமுறை தலைமுறையாக விடியுமளவும் விழித்திருந்து கேட்ட இசை வேறொன்று உண்டு. அதுவே தெருக்கூத்தின் இசை.

இவ்விசை பெரும்பாலும் திரௌபதியம்மன் கோயில் விழாக்களோடு பிணைந்தது. செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரிக் கோயிலை இவ்வழிபாட்டின் மூலக்கோயிலாகப் போற்றுவர். விழா நாள்களில் பகலில் பாரதப் பிரசங்கம் நடைபெறும். இரவில் அதே கதை கூத்தாக ஆடப்பெறும். திரௌபதி துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என நாள்தோறும் கதை வளர்ந்து, பதினெட்டாம் போரில் முடியும். எழுத்தறியாத மக்களும் பாரதத்தின் கிளைக்கதைகளைக்கூடப் பிழையின்றிச் சொல்வதற்குக் காரணம் யாது? அவர்கள் அதனைப் படித்தவர்கள் அல்லர், பாட்டாகக் கேட்டவர்கள்.

கூத்தின் கருவிகள் சிலவே. தோற்கருவியாக மத்தளமும் டோலக்கும், கஞ்சக்கருவியாகத் தாளமும், துளைக்கருவியாக முகவீணையும் அமையும். முகவீணை என்ற பெயரைக் கேட்டு அதனை நரம்புக் கருவியென்று எண்ணிவிடாதீர்கள். நாகசுரத்தின் தம்பி போன்ற சிறு குழல் அது; சீவாளி வைத்து வாயால் ஊதுவது. உருவம் சிறிதாதலின் அதன் குரல் மிகக் கூர்மையானது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், திறந்தவெளியில் கூடியிருந்த பெருங்கூட்டத்தின் கடைசி வரிசைவரை சென்று சேர வேண்டிய குரலுக்கு அதுவே துணை.

கூத்துத் தொடங்கும் முன் மத்தளமும் தாளமும் முழங்குவதைக் 'களரி கட்டுதல்' என்பர். ஊர் முழுவதற்கும் விடுக்கும் அழைப்பு அது. பிறகு கட்டியக்காரன் வருவான். வேடதாரி திரைக்குப் பின்னே நின்று பாடித் தன் வருகையை அறிவிப்பான். அதன்பின்னரே திரை விலகும்.

பாட்டின் வகைகளையும் அறிந்துகொள்ளுங்கள். தாளக் கட்டின்றி நீட்டிப் பாடுவது விருத்தம். தாளத்தோடு ஆடிப் பாடுவது தரு. இவற்றுக்கிடையே வசனம் வரும். விருத்தம் உள்ளத்தின் நிலையைச் சொல்லும். தரு செயலை நடத்தும். வசனம் கேட்போர்க்குப் பொருளை விளக்கும். வேடதாரி ஓரடி பாடியதும் பின்பாட்டுக்காரர் அதனைத் திருப்பிப் பாடுவர். இதனால் இரண்டு நன்மைகள் உண்டு. கனத்த கட்டைகளையும் கிரீடத்தையும் அணிந்து ஆடுபவருக்கு மூச்சு வாங்க இடம் கிடைக்கிறது; கேட்போர் நெஞ்சில் அவ்வடி இருமுறை பதிகிறது. வகுப்பில் நாங்கள் ஆசிரியப் பயிற்சி பெற்றுக் கையாண்ட முறையை, கூத்து வாத்தியார்கள் பயிற்சிப் பள்ளி காணாமலே கையாண்டனர்.

அர்ச்சுனன் தபசு அன்று உயர்ந்த மரம் ஒன்றை நட்டிருப்பர். அர்ச்சுனன் வேடமிட்டவர் பாடிக்கொண்டே படிப்படியாக அதன் உச்சிக்கு ஏறுவார். கீழே மத்தளம் அவர் அடிவைப்புக்கு இசைந்து முழங்கும். படுகளத்தன்று, மண்ணால் செய்த பேருருவாகத் துரியோதனன் தரையில் கிடக்க, ஒப்பாரி எழும். அங்கே நடிப்புக்கும் வழிபாட்டுக்கும் இடையே எல்லைக்கோடு வகுத்தல் அரிது. பாட்டு அங்கே பொழுதுபோக்கு அன்று; ஓர் ஊர் ஒன்றுகூடிச் செய்யும் செயல்.

இத்தகைய இசை இன்று எந்நிலையில் உள்ளது? கூத்து அழியவில்லை. புரிசை கண்ணப்பத் தம்பிரான் போன்றோர் அதன் புகழைக் கடல் கடந்தும் கொண்டு சென்றனர். 1977-ல் தோன்றிய கூத்துப்பட்டறை நகரத்து நாடகக்காரர்களை இதன்பால் திருப்பியது. ஆயினும் முகவீணை ஊதுவோர் குறைந்துவிட்டனர். பல குழுக்களில் ஆர்மோனியமே அதன் இடத்தில் அமர்ந்துள்ளது. ஆர்மோனியம் பயனுள்ள கருவியே. நான் அதற்குப் பகைவன் அல்லேன். 1940 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அகில இந்திய வானொலி அதனை விலக்கி வைத்திருந்தது என்பதை இங்கு நினைவூட்டலாம். அதன் கட்டைகள் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே நிறுத்துகின்றன. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் நெளிவு அதில் வாராது. முகவீணையின் அழுகை அந்த நெளிவில்தான் இருக்கிறது.

ஒரு கருவியை ஊதுவோர் இல்லாது போனால் என்ன நேரும் என்பதற்கு, அட்லாண்டிக் பெருங்கடலிலுள்ள அயர்லாந்துத் தீவின் வரலாறு நமக்கொரு பாடம். அங்கே ஹார்ப் என்னும் நரம்புக் கருவி, நம் பழைய யாழுக்கு உறவானது, பல நூற்றாண்டுகள் சிறந்து விளங்கியது. புரந்த குறுநில மன்னர்கள் மறைந்தபின் அதனை மீட்டுவோர் அருகினர். 1792-ல் பெல்பாஸ்ட் நகரத்தார் எஞ்சியிருந்த கலைஞர்களை அழைத்தனர். வந்த அயர்லாந்துக் கலைஞர் பதின்மரே. அவர்கள் வாசித்ததை எழுதும் பணி எட்வர்டு பண்டிங் என்ற பத்தொன்பது வயது இளைஞருக்குக் கிடைத்தது. அவர் அதன்பின் வாழ்நாளெல்லாம் உழைத்து, 1796, 1809, 1840 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகள் வெளியிட்டார்.

ஆயினும் ஒரு குறை நேர்ந்தது. பண்டிங் அம்மெட்டுகளைப் பியானோவுக்கு ஏற்ப அமைத்து அச்சிட்டார். நீண்ட நகங்களால் கம்பிகளை மீட்டும் பழைய முறையைக் கையாண்ட டெனிஸ் ஹெம்ப்சன் என்னும் முதியவர் 1807-ல் மறைந்தார். மெட்டுகள் தாளில் தங்கின; மீட்டும் கை தங்கவில்லை. மாறாக, அந்நாட்டு ஊதுகருவியான துருத்திக் குழலை, 1968-ல் ஒரு சங்கம் அமைத்து, முதியோரிடம் இளையோரை அமர்த்திக் கற்பித்துக் காத்தனர். 2017-ல் அக்கலை யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

நம் நாட்டிலும் இப்பாடம் உண்டு. சிலப்பதிகாரம் விரித்துரைக்கும் யாழ், வாசிப்போர் வழி அறுந்தமையால் மறைந்தது. அதன் இலக்கணத்தை மீட்கச் சுவாமி விபுலாநந்தர் பல்லாண்டுகள் ஆராய்ந்து, 1947-ல் 'யாழ் நூல்' வெளிவரச் செய்தார். ஒரு தலைமுறை ஒரு மாணவனுக்குக் கற்பிக்காமல் விட்டதை, பின்வந்த பேரறிஞர் ஒருவர் தம் வாழ்நாளைக் கொடுத்துத் தேட வேண்டியதாயிற்று.

ஆகவே, மாணவர்களே, நீங்கள் செய்யக்கூடியவை சில உள. அடுத்த விழாவில் ஓரிரவேனும் கூத்தை முழுமையாகக் கேளுங்கள். எது விருத்தம், எது தரு என்று குறித்துக்கொள்ளுங்கள். வாத்தியாரின் இசைவு பெற்று, உங்கள் கைப்பேசியில் பாட்டைப் பதிவு செய்யுங்கள். ஊர், நாள், கலைஞர் பெயர் ஆகியவற்றை உடன் எழுதுங்கள். பெயரில்லாத பதிவு முகவரியில்லாத கடிதம் போன்றது. இவையெல்லாம் முதற்படியே. உங்களுள் ஒருவர், ஒரே ஒருவர், முகவீணைக்காரர் ஒருவரை அணுகி, "ஐயா, எனக்குக் கற்றுக்கொடுங்கள்" என்று கேட்பீராயின், அது நூறு பதிவுகளினும் மேலானது. தாள் மெட்டைக் காக்கும். கருவி ஓசையைக் காக்கும். இரண்டையும் உயிரோடு காப்பவன் மாணவன் ஒருவனே.