வாய்க்காலின் திறனை அளந்தறிதல்

(ஆமத்தூரில் ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



இப்பகுதியின் வறட்சி பட்டாசுத் தொழிலுக்கு உகந்தது. கண்மாய்ப் பாசனத்திற்கு உகந்ததன்று. வடகிழக்குப் பருவத்தில் வரத்துக்காலில் நீர் ஓடுவது சில நாள்களே. அந்நாள்களில் அது தன் திறனில் பாதியே சுமந்து வருமாயின், கண்மாய் நிறையாது. கடைமடை வயல்கள் காயும். பின்னர் மேல்மடைக்கும் கடைமடைக்கும் வழக்கு மூளும்.

வாய்க்காலுக்குச் சிமெண்டுப் பூச்சு வேண்டுமென்றே பல மனுக்கள் நமக்கு வருகின்றன. பணம் செலவிடுமுன் நீர் எங்கே தடைப்படுகிறதென்று அறிய வேண்டாமா? (பூச்சு, அருகிலுள்ள கிணறுகளின் ஊற்றையும் குறைக்கும் என்பதை மறத்தலாகாது.)

இதற்குப் பொறியாளர்கள் கையாளும் வழியே நீரியல் மாதிரி. பூண்டியிலும், புணேயை அடுத்த கடக்வாஸ்லாவிலும் உள்ள ஆராய்ச்சி நிலையங்களில் அணை, ஆறு ஆகியவற்றின் சிற்றுருவை அமைத்து நீரை ஓடவிட்டுப் பார்க்கின்றனர். இருபத்தைந்தில் ஒரு பங்காக அமைந்த மாதிரியில் நொடிக்கு 1 லிட்டர் ஓடினால், உண்மையில் அது 3,125 லிட்டருக்குச் சமம். சிறு வாய்க்காலுக்குச் சிற்றுரு வேண்டுவதில்லை; கணக்கே மாதிரியாகும். இக்காலத்தில் அதனைக் கணிப்பொறி நொடியில் போட்டுத் தருகிறது.

அக்கணக்கின் அடிப்படை, அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மானிங் 1889-இல் எடுத்துரைத்த சூத்திரம். வாய்க்காலின் அகலம், ஆழம், சரிவு, சொரசொரப்பு ஆகிய இவையே அதற்கு வேண்டுவன. துப்புரவான மண் வாய்க்காலின் சொரசொரப்பு எண் ஏறத்தாழ 0.025; செடியும் கோரையும் மண்டினால் 0.050-ஐயும் எட்டும். எண் இரட்டித்தால், அதே ஆழத்தில் ஓடும் நீர் பாதியாகும்.

ஓர் எடுத்துக்காட்டு. அகலம் 2 மீட்டர், நீரின் ஆழம் அரை மீட்டர், சரிவு சுமார் 500-க்கு 1 என்க. நீரில் இட்ட தேங்காய் மட்டை 10 மீட்டரை 20 நொடியில் கடக்கிறது. மேல்நீர் விரைந்தோடுமாதலால் அவ்வேகத்தில் நூற்றுக்கு 85 பங்கே கொள்ள வேண்டும். அவ்வாறாயின் ஓடுவது நொடிக்கு 425 லிட்டர். துப்புரவான வாய்க்காலுக்கு மானிங் கணக்கு காட்டுவதோ சுமார் 850 லிட்டர்! மறுபாதியைத் தடுத்தது கோரையே. சிமெண்டு இல்லாக் குறையன்று.

இன்னொன்றையும் மாதிரி காட்டும். மெதுவாக ஓடும் வாய்க்காலில், கீழேயுள்ள தடை மேலேயுள்ள நீரை எதிர்த்து நிறுத்தும். குறுகிய பாலக்குழாய் ஒன்றை அப்படியே விட்டு, மேற்பகுதியை மட்டும் தூர்வாரினால், கூடுதலாக வரும் நீர் பாலத்தருகே தேங்கிக் கரையை உடைக்கவுங்கூடும். ஆதலின் எவருடைய வயலருகே வேலை தொடங்குவது என்பதை வாக்கு வன்மையால் முடிவு செய்யாமல், கணக்கைக் கேட்டு முடிவு செய்தல் நன்று.

மழைக்கு முன்பே, 30 மீட்டருக்கு ஓரிடமாக வாய்க்காலின் மேலகலம், அடியகலம், ஆழம் ஆகியவற்றை நோட்டில் குறியுங்கள். பாலம், மடை, உடைப்பு உள்ள இடங்களையும் விடாது எழுதுங்கள். அளக்கும்போது கடைமடை விவசாயி ஒருவரும் உடன் இருக்கட்டும். சரிவை மட்டமானி கொண்டு ஓவர்சியர் பார்ப்பார். நீர் வந்தவுடன் மட்டையை மிதக்கவிட்டு நேரத்தையும் குறித்துக்கொண்டு, நோட்டுடன் நம் அலுவலகத்திற்கு வாருங்கள்.