சாரற் காலமும் சிற்றாற்று ஜலமும்
(தென்காசியில் நமது சங்க மாதக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



ஆனியில் சாரல் விழுந்ததும் குடும்பத்தோடு குற்றாலம் செல்வது நம் வழக்கம். அருவியாடலை நான் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் அந்த ஜலம் எங்கே போகிறது? சிற்றாறாய் இந்தத் தென்காசிக்கே வந்து, பல ஊர்களைக் கடந்து, சீவலப்பேரியருகே தாமிரபரணியில் கலக்கிறது. மேலே நாம் கழுவிவிடும் எண்ணெயும் சோப்பு நுரையும் கீழேயுள்ளோர் துறைக்கு வந்து சேர்கின்றன. அருவியில் இவற்றுக்குத் தடையிருந்தும், சென்ற சாரலில் நம்மவர் ஒருவர் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து அழைத்துச் சென்றதைக் கண்டேன். வாய் மூடியிருந்தேன், அது என் குற்றமே. எண்ணெய்க்கும் சீயக்காய்க்கும் இடம் வீடு.

மற்றொன்று. ஓடும் ஜலம் சுத்தமென்று நம்மில் பலர் அதையே குழந்தைகளுக்குப் புகட்டுகிறார்கள். தெளிவு வேறு, சுத்தம் வேறு. கொதித்து ஆறிய ஜலத்தைக் கூஜாவில் கொண்டு செல்லுங்கள். வயிற்றுப்போக்குக் கண்டால் அன்னபானத்தை நிறுத்துவது பெருந்தவறு. ஒரு லிட்டர் காய்ச்சின ஜலத்தில் மட்டமாக ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்து அடிக்கடி கொடுங்கள், உப்பு மிஞ்சலாகாது. குழந்தை சோர்ந்து கண் குழிவிழுந்தால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள்.

வருகிற சாரலில் நமது சங்கத்தார் போகும் வண்டியில் எண்ணெய்ப் புட்டி ஏறாதபடி பார்க்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.