கெப் வண்டிக்கு இரண்டாவது விளக்கிணைப்பு

விதை, உரம், நீர் என்பவை பற்றியே வழக்கமாக உங்களோடு பேசுவதுண்டு. இன்று விளைந்த பொருளைப் பத்திரமாகச் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பது பற்றிச் சில சொல்ல விரும்புகின்றேன்.

கண்டியைச் சூழ்ந்த ஊர்களில் மாலையிற் பிடுங்கிய கரட்டும் கோவாவும் போஞ்சியும் அன்றிரவே கெப் வண்டியில் ஏறுகின்றன. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து, மாத்தளை வழியாகத் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு ஏறக்குறைய 70 கிலோமீற்றர் தூரம். வளைவுகளும் இறக்கங்களும் உள்ள அப்பாதையில், மழை இருளிலே பின்னால் வரும் லொறிச் சாரதி உங்களைக் காண்பது உங்கள் பின்விளக்குகளைக் கொண்டேயாம். அவை மறைந்துவிட்டால் நீங்கள் அங்கே இருப்பதை அவர் அறியார்.

விளக்குகள் மறைவது எப்போது? போஞ்சிக்கு நாட்டும் கம்புகளையோ, மூங்கில்களையோ, வாழைக்குலைகளையோ பின்கதவைத் திறந்துவிட்டு வெளியே நீட்டி ஏற்றும்போது, வண்டியின் விளக்குகள் சுமைக்குள் ஒளிந்துவிடுகின்றன. அவ்வேளையில் இரு பின்விளக்குகள், இரு தடுப்பு விளக்குகள், இரு சமிக்ஞை விளக்குகள் பொருத்திய பலகையொன்றைச் சுமையின் நுனியிற் கட்டிவிடுதல் நல்ல ஏற்பாடாகும். சுமையை இறக்கியதும் பலகையைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம்.

இழுவைப் பெட்டி பூட்டும் வண்டிகளிலே பின்புறத்தின் கீழ் முன்னரே ஒரு மின்குதை உண்டு. “பலகையை அதிலேயே செருகலாமே, இரண்டாவது குதை எதற்கு?” என நீங்கள் கேட்பீர்கள். அக்குதை நிலத்துக்கு அண்மையில், சேறு தெறிக்கும் இடத்தில் இருக்கின்றது. அங்கிருந்து நீண்ட சுமையின் நுனிவரை செல்லும் கம்பி கீழே தொங்கிப் பாதையில் உராயும். ஓரிடத்திற் சிக்கி அறுந்தால் எல்லா விளக்குகளும் ஒருங்கே அணையும். ஆதலின், வண்டியின் சுமைத்தட்டினுள், பக்கச் சுவரிலே, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இரண்டாவது குதையை அமைத்தல் நலம். தட்டைக் கழுவும் நீரும் மண்ணும் அவ்வுயரத்தில் அதனை எட்டா.

இனி வேலை முறையைக் கவனிப்போம்.

முதலாவதாக, பற்றரியின் எதிர் முனையைக் கழற்றிவிட்டே எவ்வேலையையும் தொடங்குதல் வேண்டும்.

இரண்டாவதாக, 12 வோல்ற் வண்டிகளுக்கான ஏழு முளை வட்டக் குதையின் சர்வதேச ஒழுங்கை அறிந்துகொள்ளுங்கள். 1 ஆம் இலக்கம் மஞ்சள், இடப்பக்கச் சமிக்ஞை. 2 நீலம், மூடுபனி விளக்கு. 3 வெள்ளை, எல்லா விளக்குகளுக்கும் பொதுவான திரும்பு கம்பி. இதனையே ‘எர்த்’ என்கிறோம். 4 பச்சை, வலப்பக்கச் சமிக்ஞை. 5 கபிலம், வலப் பின்விளக்கு. 6 சிவப்பு, தடுப்பு விளக்குகள். 7 கறுப்பு, இடப் பின்விளக்கு. முன்னர் வேலை செய்தவர் இந்நிறங்களைப் பின்பற்றியிருப்பார் என நம்பிவிடாது, ஒவ்வொரு கம்பியையும் சோதனை விளக்கால் தொட்டுப் பார்த்து உறுதி செய்தல் அவசியம்.

மூன்றாவதாக, முதற்குதைக்குச் செல்லும் கம்பிகளை மூடியுள்ள ஓர் இணைப்புப் பெட்டிக்குள் கொணர்ந்து, அங்கிருந்து ஒன்றுக்கு ஒன்றாக இரண்டாவது குதைக்குக் கிளை எடுங்கள். ஒரு வாய்க்காலிலிருந்து இரு வயல்களுக்கு மடை திறப்பது போன்றதே இது. கம்பிகளை வெறுமனே முறுக்கி நாடா சுற்றுதல் கூடாது. மலைநாட்டு ஈரம் உட்புகுந்து, சில மாதங்களிற் செம்பு பச்சை பூத்துவிடும். தகட்டைத் துளைத்துச் செல்லும் இடத்தில் றப்பர் வளையம் இடுங்கள். புகைக்குழாய்க்கும் வில்லுகளுக்கும் கம்பி விலகியே செல்லல் வேண்டும்.

நான்காவதாக, எர்த் கம்பி. விளக்குகளின் கோளாறுகளுட் பெரும்பாலானவை இங்கேயே பிறக்கின்றன. எல்லா விளக்குகளின் மின்னோட்டமும் இவ்வொரு கம்பி வழியே திரும்புகின்றமையால், அது மற்றையவற்றிலும் தடித்ததாக, 2.5 சதுர மில்லிமீற்றர் அளவினதாக இருத்தல் நன்று. பின்விளக்குகளும் தடுப்பு விளக்குகளும் ஒரு சமிக்ஞையும் ஒருங்கே எரியும்போது அதிற் சுமார் 6 அம்பியர் ஓடும். 6 மீற்றர் நீளமுள்ள 0.5 சதுர மில்லிமீற்றர் கம்பியாயின் அதிலேயே ஏறக்குறைய 1.25 வோல்ற் வீணாகும், 2.5 சதுர மில்லிமீற்றராயின் கால் வோல்ற்றே வீணாகும். மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் இழை மின்குமிழின் ஒளி மூன்றில் ஒரு பங்களவு குறைந்துவிடும். வாய்க்கால் ஒடுங்கினால் கடைமடை வயல் காய்வதைப் போன்றதே இதுவும். எர்த் கம்பியின் முனையை, வர்ணத்தைச் சுரண்டி நீக்கிய சட்டகத்தில் இறுகப் பூட்டி, மேலே சிறிது கிறீஸ் பூசிவிடுங்கள்.

ஐந்தாவதாக, சுமையின் கணக்கு. தடுப்பு மின்குமிழ் ஒன்று 21 வாற். வண்டியின் சோடிக்கு 42 வாற், அதாவது 3.5 அம்பியர். பலகையின் சோடியும் சேர்ந்தால் 7 அம்பியர். அதனோடு இழுவைப் பெட்டியையும் பூட்டினால் 10.5 அம்பியராகி, 10 அம்பியர் உருகியின் எல்லையை மீறும்; உருகி எரிந்துபோகக்கூடும். உருகி எரிந்தால் வண்டியின் சொந்தத் தடுப்பு விளக்குகளும் அணையும். ஆகவே இரு குதைகளுள் ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே பயன்படுத்துங்கள். பெரிய உருகியை மாற்றிப் போடுதல் ஒருபோதும் பரிகாரமாகாது. உருகி காப்பது கம்பியை; உருகி தடித்தால், கம்பியே சூடேறித் தீப்பற்றும். இரண்டையும் ஒருங்கே பயன்படுத்த வேண்டியவர், பற்றரியிலிருந்து தனி உருகியோடு தனிக் கம்பி இழுத்து, ரிலேக்கள் மூலம் விளக்குகளை இயக்குதல் வேண்டும். அதனை மோட்டார் மின்வேலை தெரிந்தவரிடமே ஒப்படையுங்கள். புதிய வண்டிகள் சிலவற்றில் விளக்குகளைச் சிறு கணினி கண்காணிக்கின்றது. அவற்றிற் கம்பியைத் தொடுமுன் உற்பத்தியாளரின் கைந்நூலைப் பார்த்தல் அவசியம்.

இரவல் வாங்கும் பெட்டியிலும் கவனம் வேண்டும். பெரிய லொறிகள் பல 24 வோல்ற்றில் இயங்குவன. அவற்றின் பின்னால் ஓடிய பெட்டியின் மின்குமிழ்கள் கெப் வண்டியில் மங்கியே எரியும். 12 வோல்ற் மின்குமிழை 24 வோல்ற்றிற் பூட்டினால் உடனே கருகிவிடும்.

வேலை முடிந்ததும் ஒருவர் சாரதி இருக்கையிலும் ஒருவர் பின்னாலும் நின்று பரீட்சித்துப் பாருங்கள். பின்விளக்கு, இடச் சமிக்ஞை, வலச் சமிக்ஞை, தடுப்பு விளக்கு என ஒவ்வொன்றாகப் பார்த்தபின், எல்லாவற்றையும் ஒருங்கே இயக்குங்கள். தடுப்பை மிதித்தவுடன் சமிக்ஞை மங்கினாலோ, ஒரு விளக்கோடு வேறொன்றும் சேர்ந்து மினுங்கினாலோ எர்த் பழுதென்று அறிக. தனித்தனியே பார்க்கும்போது இக்குறை பெரும்பாலும் வெளிப்படாது. அறுவடைக் காலத்தில் இப்பரீட்சையை ஒவ்வொரு பயணத்துக்கும் முன் செய்யுங்கள். இரண்டு நிமிடமே செல்லும்.

இருசில்லு உழவு இயந்திரம் வைத்திருப்போர் பலரிடம் பற்றரியே இல்லை. அவர்கள் பெட்டியின் பின்னால் இருபுறமும் சிவப்புப் பிரதிபலிப்பான்களைப் பதித்து, பற்றரியால் எரியும் சிவப்பு விளக்கொன்றையும் தொங்கவிடுவாராக. கெப் வண்டிக்காரரும் பலகையிலே பிரதிபலிப்பான்களைப் பொருத்துதல் நலம். கம்பி அறுந்தாலும் அவை பின்வரும் வண்டியின் ஒளியைத் திருப்பி அனுப்பும்.

ஒரு குதை, ஒரு செருகி, சில மீற்றர் கம்பி, ஓர் இணைப்புப் பெட்டி. ஒரு நடை மரக்கறியின் பெறுமதியோடு ஒப்பிட்டால் இச்செலவு பெரிதன்று. அம்மரக்கறியோடு வண்டியிற் செல்வது உங்கள் மகனோ, தம்பியோ, அயலவரோ ஆவார். அடுத்த சுமை ஏறுமுன் இவ்வேலையை முடித்துவிடுங்கள். ஐயமிருப்பின் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்திற் கண்டு கேட்டுத் தெளிந்துகொள்ளலாம்.