ஒரு நாள் வெளியே போய்வர ஒரு மாதச் சம்பளமா?

(2025 தீபாவளிக்கு முன் நடந்த தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் மாதர் பிரிவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



சம்பளம், வீடு, காணி என்று பேசுகிற மேடையில் ட்ரிப் போவதைப் பற்றிப் பேச நேரம் வேண்டும் என்று நாங்கள் கேட்டபோது சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் இங்கேயும் உட்கார்ந்திருக்கிறார்கள், பரவாயில்லை. ஆனால் இதுவும் சம்பளத்தைப் பற்றிய பேச்சுத்தான். தீபாவளிக்கும் வருடக் கடைசி விடுமுறைக்கும் நமது லயங்களில் வாங்கப்படுகிற கடனில் ஒரு பங்கு வேன் வாடகைக்குப் போகிறது. மருந்துக்கு வாங்கிய கடனை வெளியே சொல்கிறோம், பிள்ளையின் படிப்புக்கு வாங்கியதையும் சொல்கிறோம். ட்ரிப்புக்கு வாங்கியதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதனால் அது வளர்ந்துகொண்டே போகிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2025இல் நாட்சம்பளம் 1350 ரூபா. 2021இல் ஆயிரம் ரூபாவுக்கு எவ்வளவு போராடினோம், 2024இல் இந்த 1350க்கு எவ்வளவு இழுபறி நடந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதில் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 வீதம், 108 ரூபா கழியும். மிச்சம் 1242. சந்தா, கோவில் காசு, முற்பணம் எல்லாம் அதற்குப் பிறகு. இப்போது ஒரு குடும்பம் தனியாக ஒரு வேன் பேசுகிறது, வாடகை, சாப்பாடு, டிக்கட் எல்லாம் சேர்த்து 25,000 ரூபா முடிகிறது என்று வையுங்கள். அது இருபது பேர். நம்மில் எத்தனை பேருக்கு ஒரு மாதத்தில் இருபது பேர் விழுகிறது? அந்தக் காசை நூற்றுக்குப் பத்து வட்டிக்கு எடுத்தால் மாதம் 2500 ரூபா வட்டி. ஒவ்வொரு மாதமும் இரண்டு நாள் மலையேறி இறங்குவது வட்டிக்காரருக்காக. பிள்ளைகள் அந்த ஒரு நாளை மறந்த பிறகும் அம்மா அதற்காகக் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்.

"அப்படியானால் போகாமலே இருந்துவிடலாம்" என்று சொல்வது சுலபம். நாங்கள் அதைச் சொல்ல வரவில்லை. எங்கெங்கோ இருந்து விமானமேறி வருகிறவர்கள் நமது மலைகளைப் பார்க்கிறார்கள், கூடையோடு நிற்கிற நமது தாய்மாரைப் படம் எடுக்கிறார்கள். அந்தத் தாயின் பிள்ளையோ நுவரெலியாவுக்குப் பத்து மைலில் பிறந்து, விக்டோரியா பூங்காவின் வாசலை பஸ்ஸுக்குள்ளே இருந்து மட்டும் பார்த்திருக்கிறது. நாலு பக்கமும் கடல் உள்ள நாடு இது. கடலைப் பார்க்காமலே பென்சன் வயதுக்கு வந்தவர்கள் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார்கள். பாடசாலையில் சுற்றுலா என்று அறிவித்தால், காசு கேட்டு வீட்டில் சங்கடம் வரும் என்று காய்ச்சல் சொல்லிப் படுத்துக்கொள்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஓய்வு நாள் என்பது துணி துவைக்கவும் விறகு பொறுக்கவும் மட்டும் கிடைத்த நாள் அல்ல. எட்டு மணி நேர வேலைக்கும் வார விடுமுறைக்கும் தொழிலாளர்கள் போராடியது வேறு எதற்காக?

இனிக் காரியத்துக்கு வருவோம். செலவில் பெரியது வண்டி. அதைக் குறைத்தால் பாதி வேலை முடிந்தது.

தனித்தனி வேன் வேண்டாம், லயமாகச் சேருங்கள். பன்னிரண்டு குடும்பம் சேர்ந்தால் ஒரு பஸ் நிறையும். பஸ்ஸுக்கு 48,000 ரூபா பேசி, 48 பேர் போனால் தலைக்கு ஆயிரம். அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு 5000 ரூபா. அதுவும் நாலு பேர் சம்பளம்தான், ஒரே நாளில் எடுத்து வைக்க யாராலும் முடியாது. ஆனால் மாதம் 500 ரூபா வீதம் பத்து மாதம் கட்டினால் முடியும். சீட்டுப் பிடிப்பது நமது பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயமல்ல. பாத்திரத்துக்கும் தோட்டுக்கும் சீட்டுப் பிடிக்கிறோம், ட்ரிப்புக்கும் பிடிக்கலாம். சம்பள நாளன்றே கட்டிவிட வேண்டும். மறுநாள் என்றால் அந்த 500 ரூபா கடைக் கொப்பிக்குப் போய்விடும்.

இங்கே ஒரு இடம் எப்போதும் உடையும். பஸ் பேசியாயிற்று, விடிந்தால் பயணம், முதல் நாள் இரவு எட்டுப் பேர் வரவில்லை என்கிறார்கள். அப்போது 48,000 ரூபாவை 40 பேர் சுமக்க வேண்டும், தலைக்கு 1200. அந்த இருநூறை யார் கொடுப்பது என்று பஸ் வாசலில் சண்டை. பல தோட்டங்களில் இரண்டாவது ட்ரிப் நடக்காமல் போனது இதனால்தான். ஆகவே முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்: கட்டிய காசு திரும்பாது, ஆனால் இடத்தை இன்னொருவருக்குக் கொடுக்கலாம். மரணம், வைத்தியசாலை என்றால் அது வேறு, கமிட்டி பார்த்துச் செய்யட்டும். கணக்கை ஒரு கொப்பியில் எழுதி, எழுதுகிறவர் ஒருவர், காசு வைத்திருப்பவர் வேறொருவர் என்று இருக்கட்டும். சந்தேகம் வந்த பிறகு கொப்பி காட்டுவதைவிட, மாதாமாதம் வாசித்துக் காட்டுவது நல்லது.

இன்னொரு பழக்கமும் இருக்கிறது. கொழும்பில் கடையிலோ வீட்டிலோ வேலை செய்கிற பிள்ளை தீபாவளிக்கு வருவான், வந்தவுடன் "வேன் நான் போடுகிறேன்" என்பான். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் ஒரு வீடு வேன் எடுத்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளை அழும், அடுத்த கிழமை அந்த வீட்டுத் தோடு அடகுக் கடையில். அந்தத் தம்பிமாரிடம் நாங்கள் கேட்பது இதுதான்: அதே காசை லயத்து பஸ்ஸுக்குக் கொடுங்கள். சீட்டுக் கட்ட முடியாத ஒரு வீட்டுப் பிள்ளைகளும் அதில் ஏறட்டும்.

காசை எங்கே குறைக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல – வெல்லவாய வீதியில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். தங்காலை நகரசபை ஊழியர்களும் குடும்பத்தாரும் சுற்றுலா வந்து திரும்பிய பஸ் அது. நம்மைப் போல உழைத்துச் சாப்பிடுகிறவர்கள். அதற்கு முன் மே மாதம் கொத்மலை கெரண்டி எல்லவில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் 7 பேர். மலை வீதியை நாம் நன்றாக அறிவோம், அதனாலேயே பயம் இல்லாமல் போய்விடுகிறது. ஐயாயிரம் ரூபா குறைவு என்பதற்காகத் தேய்ந்த டயர் பஸ்ஸை எடுக்காதீர்கள். பேசும்போதே டயரைப் பாருங்கள், பயணத்துக்கான பேர்மிட்டையும் இன்சூரன்ஸையும் கேளுங்கள். முதல் நாள் இரவு முழுக்க வேறு ஹயர் ஓடிவிட்டு வருகிற சாரதியா என்று விசாரியுங்கள். இ.போ.ச. டிப்போவிலும் விசேட பயணத்துக்கு பஸ் கேட்கலாம், தனியார் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இருட்டு முன் வீட்டுக்கு வந்துவிடுகிற மாதிரி இடத்தைத் தெரிவு செய்யுங்கள். ஒரே நாளில் நாலு இடம் என்று போட்டால் ஓட்டம்தான் மிஞ்சும், சாரதியும் அந்த ஓட்டத்தில் ஓட்டுவார்.

பஸ் இல்லாமலும் போகலாம். ரயில் நமக்கு வீட்டு வாசலில் ஓடுகிறது. ஹற்றனிலோ தலவாக்கலையிலோ நானுஓயாவிலோ மூன்றாம் வகுப்பு டிக்கட் எடுத்து, பட்டிப்பொல, அப்புத்தளை, பண்டாரவளை தாண்டி எல்ல வரைக்கும் போய்ப் பாருங்கள். இந்த நாட்டில் ஆக உயரத்தில் இருக்கிற ரயில் நிலையம் பட்டிப்பொல. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் ஒன்பது வளைவுப் பாலம், 1921இல் திறந்தது. பதிவு செய்த ஆசன டிக்கட்டுகள் கைமாறி விலை ஏறுகின்றன, அதன் பின்னால் போக வேண்டாம். அன்றன்று நிலையத்தில் கொடுக்கிற சாதாரண டிக்கட் போதும், நெரிசலைத் தாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பிள்ளைகளை வாசலில் தொங்க விடாதீர்கள். படம் எடுக்கத் தொங்குகிற வெள்ளைக்காரரைப் பார்த்து நமது இளைஞர்களும் தொங்குகிறார்கள். கீழ்ப்பக்கமாகப் போகிறவர்களுக்கு அதே பாதையில் நாவலப்பிட்டி, கம்பளை தாண்டிப் பேராதனை. மகாவலி ஆறு சுற்றி ஓடுகிற அந்தப் பூங்காவில் ஒரு நாள் முழுக்க நடந்தாலும் முடியாது.

இடம் தெரிவு செய்யும்போது சித்திரை மாத நுவரெலியாவை விட்டுவிடுங்கள். அந்த மாதம் அங்கே எல்லாம் பணக்காரர் விலை. அதே கிரகரி வாவியை ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை பார்த்தாலும் தண்ணீர் ஒன்றுதான். ஹக்கல பூங்கா பிள்ளைகளுக்கு நல்லது. 1861இல் சிங்கோனா பயிரிட்டுப் பார்க்க உண்டாக்கிய இடம் அது, தேயிலை இந்த மலைகளை நிறைப்பதற்கு முன்பே. பக்கத்திலே சீதா எலிய கோவில், கும்பிட்டுவிட்டு வரலாம். டெவோன், சென்கிளயர் நீர்வீழ்ச்சிகளை வீதியில் நின்றே பார்க்கலாம், டிக்கட் இல்லை. மேல் கொத்மலைத் திட்டம் வந்த பிறகு சென்கிளயரில் தண்ணீர் முன்போல இல்லை என்பது வேறு கதை. நீர்வீழ்ச்சியில் இறங்கிக் குளிப்பது மட்டும் கூடவே கூடாது. மேலே மழை பெய்தால் கீழே நிற்கிறவருக்குத் தெரியாது.

தம்பேதென்னவுக்கு மேலே லிப்டன் சீட் இருக்கிறது. லிப்டன் துரை உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்த்த இடம் என்கிறார்கள். அங்கே டிக்கட் உண்டு. நமது பாட்டிமார் கூடையோடு நின்ற இடத்துக்கு இன்னும் யாரும் டிக்கட் போடவில்லை, அந்த மட்டில் லாபம். பாட்டிமாரின் கதையையும் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்றால், கம்பளையிலிருந்து நுவரெலியா போகிற வழியில் பழைய பீகொக் தோட்டத்தில் தேயிலைத் தொழிலாளர் நூதனசாலை இருக்கிறது. ஒரு லயத்தையே நூதனசாலை ஆக்கியிருக்கிறார்கள். "இதைப் பார்க்கவா அவ்வளவு தூரம், நம் வீடே அப்படித்தானே" என்று சில பிள்ளைகள் கேட்கும். கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம் என்று பார்ப்போம்.

எந்த இடமானாலும் உள்நாட்டவர் கட்டணம் வேறு, பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சலுகை இருந்தால் அதுவும் வேறு. பலகையை வாசித்துவிட்டுக் காசை நீட்டுங்கள். பெரிய கூட்டமாகப் போவதென்றால் முன்கூட்டியே தொலைபேசியில் விசாரியுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி நாங்கள் சொல்லத் தேவையில்லை. ரொட்டியும் கட்டச்சம்பலும், மத்தியானத்துக்குப் புளிச்சோறும் நெத்தலிப் பொரியலும் வீட்டிலிருந்து போனால் கடைக்குக் கொடுக்கிற காசு மிச்சம். பிளாஸ்கில் தேத்தண்ணி. உலகத்துக்கே தேயிலை கொடுக்கிற நாம் வழிக்கடையில் கோப்பைத் தேத்தண்ணிக்கு ஐந்து பேருக்குக் காசு எண்ணுவது என்ன நியாயம்? ஆனால் தோழர்களே, இது ஆண்களுக்கு: அந்தச் சோறு தானாக வேகாது. ட்ரிப் நாள் என்றால் பெண்கள் இரவு இரண்டு மணிக்கு எழும்புகிறார்கள். சமைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, உடுப்பு மாட்டி, பஸ்ஸில் ஏறியவுடன் தூங்கிவிடுகிறார்கள். பாட்டுப் போட்டு ஆடுகிறவர்கள் ஆடுகிறார்கள், இவர்கள் ஜன்னலில் தலை வைத்துத் தூங்குகிறார்கள். ஆகவே லயத்துக்கு ஒரே அடுப்பு, ஒரே அண்டா, வெங்காயம் உரிப்பதும் தேங்காய் திருவுவதும் ஆண்கள் என்று இந்தக் கூட்டத்திலேயே முடிவு எடுக்கச் சொல்லிக் கேட்கிறோம். திருமண வீட்டில் செய்கிறீர்கள்தானே.

போத்தல் பஸ்ஸில் ஏறக் கூடாது. ட்ரிப் காசில் கண்ணுக்குத் தெரியாத பெரிய செலவு அதுதான், சண்டையும் அதிலிருந்துதான்.

பிள்ளைகளின் கைக்காசை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். ஆளுக்கு 300 ரூபா என்றால் 300 ரூபா, பிள்ளையின் கையிலேயே கொடுங்கள். படகில் ஏறுவதா, ஐஸ்கிரீமா, பலூனா என்று பிள்ளையே யோசிக்கட்டும். பெரியவர்களின் பேர்ஸை நம்பிக் கேட்கிற பிள்ளை நூறு கேட்கும், தன் கையில் 300 ரூபா இருக்கிற பிள்ளை அதை உடைக்கவே யோசிக்கும்.

2025இல் தீபாவளி ஒக்டோபர் 20, திங்கட்கிழமை. ஞாயிறோடு சேர்த்து இரண்டு நாள் கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக் கொழுந்துக்குப் போகிறவர்களுக்கு அன்றைய வருமானம் போகும், அதையும் செலவில் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். இந்தத் தீபாவளிக்கு பஸ் சீட்டு முடியாது, காலம் போய்விட்டது. முற்பணத்தை எடுத்து வேனுக்குக் கொடுக்காதீர்கள், அது மாதாமாதம் சம்பளத்தில் கழியும். இம்முறை ரயிலிலோ, பக்கத்துக் கோவிலுக்கு லைன் பஸ்ஸிலோ போய்வாருங்கள். சீட்டை இந்த மாதச் சம்பளத்திலேயே ஆரம்பித்தால் அடுத்த ஆகஸ்ட் விடுமுறைக்கு பஸ் தயார். ஒவ்வொரு டிவிசனிலும் கொப்பி எழுத ஒருவர், காசு வைத்திருக்க ஒருவர், இருவரின் பெயரையும் தலைவிமார் இந்த மாதக் கடைசிக்குள் மாதர் பிரிவுக்குத் தாருங்கள். இரண்டு மூன்று டிவிசன் ஒரே இடத்துக்குப் போவதென்றால் பஸ் விலையை நாங்கள் சேர்ந்து பேசித் தருகிறோம். கடல் பக்கம் போக விரும்புகிறவர்கள் அதையும் பெயரோடு எழுதுங்கள்.