எந்த நிலையிலும் கூடாது: நீதிபதி வீரமந்திரி

(முசரவாக்கத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அணு ஆயுதத்தைப் பயன்படுத்தச் சட்டம் இடம் தருகிறதா என்று ஐ.நா. பொதுச்சபை கேட்டது. ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம் 1996 ஜூலை 8 அன்று பதில் சொன்னது. பொதுவாகச் சட்டவிரோதம்தான், ஆனால் ஒரு நாடே அழியும் நிலையில் தற்காப்புக்காக என்றால், உறுதியாகச் சொல்ல இயலவில்லை. ஏழுக்கு ஏழு என வாக்குகள் சமமாக நிற்க, தலைவரின் வாக்கால் முடிவானது. எதிர்த்த ஏழு பேருமே அணுகுண்டின் பக்கம் நின்றவர்கள் அல்லர். மூவர் அந்த விதிவிலக்கே ஆகாது என்று எதிர்த்தார்கள். மூவரில் ஒருவர் இலங்கையின் கிறிஸ்டோபர் கிரிகோரி வீரமந்திரி.

கொழும்பில் 1926-இல் பிறந்தவர். 1967 முதல் 1972 வரை இலங்கை உச்ச நீதிமன்ற நீதிபதி. பிறகு ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1991 முதல் 2000 வரை ஹேக் நகரில். 2017 ஜனவரியில் மறைந்தார். பதவிகளைச் சொல்ல இவ்வளவு போதும்.

டான்யூப் நதி அணை குறித்த 1997-ஆம் ஆண்டு வழக்கில் அவர் தனியாக எழுதிய கருத்துரை நம் பகுதிக்காரர்கள் படிக்க வேண்டியது. ஹங்கேரிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் நடந்த தகராறில் அவர் இலங்கையின் பழைய ஏரிகளைச் சாட்சிக்கு அழைத்தார். அரசன் நிலத்துக்குக் காவலனே தவிர உரிமையாளன் அல்லன் என்ற, பௌத்தத் துறவி மகிந்த தேரரின் உபதேசத்தையும் சேர்த்தார். ஏரி வாரியத்தைக் கல்லில் வெட்டிவைத்த உத்திரமேரூர் நமக்கு அருகில்தானே இருக்கிறது!

அணு ஆயுத வழக்கிலும் அதே வழிதான். இராமாயணப் போரில் பகைவர் கூட்டத்தையே அழிக்கும் அஸ்திரத்தை இலக்குவன் எடுக்க, இராமன் தடுத்ததை அவர் போர்ச்சட்ட மரபாகவே எழுதினார். புராணம் எப்படிச் சட்டமாகும் என்று வக்கீல்கள் முகம் சுளிக்கலாம். சர்வதேசச் சட்டம் ஐரோப்பாவில் மட்டும் பிறந்ததல்ல என்பது அவர் வாதம். எனக்கு அது ஏற்புடையதே.

ஆனால் கம்பனைப் படித்தவர்களுக்கு ஓர் இடறல் உண்டு. இராமன் சொல்லுக்கு இலக்குவன் அடங்கினான்; அதை அறிந்த இந்திரசித்து அதே பிரம்மாஸ்திரத்தை முந்திக்கொண்டு விட்டான். இலக்குவனும் வானரப் படையும் சாய்ந்தார்கள். ‘நாம் விடாவிட்டால் அவன் விடுவான்’ என்று அணு ஆயுத நாடுகள் இன்று சொல்வதும் இதைத்தானே?

வீரமந்திரி அந்த வாதத்துக்கு மசியவில்லை. தற்காப்பு உரிமை உண்டு. அதற்காக எந்த ஆயுதத்தையும் எடுக்கலாம் என்றாகாது என்றார். அவர் முன்னால் மார்ஷல் தீவுப் பெண் ஒருவரின் சாட்சியம் இருந்தது: அமெரிக்க அணுகுண்டுச் சோதனைகளுக்குப் பின், எலும்பில்லாமல், கண்ணாடி போன்ற தோலோடு பிறந்த குழந்தைகள். அந்தக் குழந்தைகள் யாருடைய போரிலும் இல்லை. கம்பனிலாவது அனுமன் மருத்துவ மலையைத் தூக்கி வந்தான்.